சுங்கை கெலாடி, அமருங்கள்

எம்.பி.யின் சேவை மையத்தில்
குறிப்பெடுப்பது என் வேலை.
ஒரு காதில் நாடாளுமன்ற நேரலை,
மறு காதில் தண்ணீர்ப் புகார்.
போன மார்ச்சில் செயலாளர் ரிட்சுவான்
கூடுதலாக ஒன்று சேர்த்தார்:
அந்தக் கம்பெனியை யார் எப்படிச் சொல்கிறார்கள்,
எழுதி வை.

பள்ளிக்கூட நோட்டுதான். பின்னட்டையில் வாய்ப்பாடு.

மூன்றாம் டிவிஷன் செம்பனையை வேரோடு சாய்த்து
ஜன்னலில்லாத ஏழு கட்டடம் எழும்பிய வருஷம்
அமைச்சர் வாயில் அது விருந்தாளி.
அடிக்கல் நாட்டிய மறுவாரம் பங்காளி.
தமிழில் அப்படிப் போட்டது நான்தான்.
நம்மிடையே பங்காளி என்றால் வேலித் தகராறு.
தெரிந்தும் அடிக்கவில்லை.

எதிர்வரிசையில் ஒருவர் 'கெர்காசி' என்றார்.
மலாயில் அது அரக்கனுக்கும் சொல்,
பெரிய முதலாளிக்கும் சொல்.
திட்டினாரா புகழ்ந்தாரா?
ஓரத்தில் கேள்விக்குறி.

வரிச்சலுகை எவ்வளவு என்றபோது மேற்படித் தரப்பு.
மின்சாரம் எவ்வளவு என்றபோது
ரகசிய ஒப்பந்தத்தின் இன்னொரு கையெழுத்து.
தண்ணீர் எவ்வளவு என்றபோது
இருமல் (பதினோரு வினாடி).

பெயரை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.
புருஷன் பேரைக் கேட்டால்
முந்தானையைக் கடித்துக்கொண்டு
சுவரிலுள்ள முருகனைக் காட்டுவார்களே
அந்தக் காலத்துப் பெண்கள்,
அதுபோல துணையமைச்சர்
விரலை மேலே நீட்டி
'மேகத்தில் இருப்பவர்கள்' என்றார்.
அவை மேசையைத் தட்டியது.

ஊரில் இந்தக் கூச்சமெல்லாம் இல்லை.
ஆ லெக் கடையில் அது ஐஸ்பெட்டி.
கக் சலீனாவுக்கு 'ஜிரான்', பக்கத்து வீட்டுக்காரன்.
சிரிக்காமல் சொல்வார்.
ராத்திரியெல்லாம் அது முனகுவது
அவர் குளியலறைச் சுவரில் கேட்கும்.

எனக்குச் சிக்கல் விகுதியில்.
அதுவா, அவரா, அவர்களா?
அமைச்சர் 'மெரேக்கா' என்கிறார்.
வேறு வழியில்லாமல் 'அவர்கள்' என்று எழுதி
அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.
ஏழு கட்டடத்துக்கு ஒரு 'ர்கள்'.
இருதயமேரி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
"யாரு இந்த அவுங்க? சோறு திம்பாங்களா?"
"தண்ணி மட்டும் குடிப்பாங்க," என்றான்
கார் கழுவும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த தாமோதரன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் எம்.பி. எழுந்தார்.
அந்த அவையில் மனிதருக்கும் பெயர் கிடையாது,
தொகுதிதான் பெயர்.
நின்றால் அவர் சுங்கை கெலாடி.
குறுக்கே பேசினாலும் சுங்கை கெலாடி.
காது ஒயரைப் பிடுங்கிவிட்டேன், கூடம் முழுக்கக் கேட்கட்டும் என்று.
குழாய் மூன்று நாளாகக் காற்று விடுகிறது என
இருதயமேரியின் புகார் எண்ணிலிருந்து தொடங்கினார்.
மேகம் என்ன மேகம், என்றார்.
அதற்கொரு பெயர் உண்டு,
இந்த அவையின் பதிவேட்டில் ஏறட்டும், என்றார்.
பிளாஸ்டிக் நாற்காலிகள் கிரீச்சிடுவது நின்றது.
உதடுகள் கூடின.
பேனா மூடியைப் பல்லால் கழற்றினேன்.

"நேரம் முடிந்தது. சுங்கை கெலாடி, அமருங்கள்."

மைக்கின் சிவப்பு அணைந்தது.
வாய் இன்னும் அசைந்துகொண்டிருக்க
கேமரா வேறு வரிசைக்குப் போய்விட்டது.

கேட்டதைத்தான் எழுத வேண்டும்.
தேதிக்கு நேரே 'ம்' என்று எழுதினேன்.
எழுதியபின் பார்த்தால்
சம்மதம் சொன்னதுபோல இருந்தது.
அடித்தேன்.
ரிட்சுவானுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது,
அடித்தது மட்டும் தெரியும்.

ஒன்பது நாற்காலியில் ஒன்று காலி.
அதன் பக்கத்தில், இடுப்பில் வாளியோடு
இருதயமேரி.
"இப்ப உட்காரச் சொன்னது நம்மளையா?"
என்று கேட்டாள்.
உட்காரவில்லை.